ஓர் ஆள் கூடாரம்: எடையைக் கடைசியில் பாருங்கள்

ஒரு கிலோவுக்குள் ஓர் ஆள் கூடாரம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது கிராம் கணக்கைத்தான். எடை வரிசையில் அடுக்கி, கைக்கு எட்டும் விலையில் மிக லேசானதை வாங்கிவிடுகிறார்கள். கால் துணியில் முட்டுவதும், கூடாரத்துக்குத் தூணாக நிறுத்தும் நடைக்கோலின் நீளம் போதாததும், பாறைத் தரையில் முளை இறங்காததும் மலைக்குப் போன பிறகுதான் தெரியவருகிறது. இங்கே வரிசை தலைகீழ்: இடம், உடம்பு, கோல், வடிவம், சுவர், துணி. அதற்கப்புறம்தான் எடை. இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு படியிலும் பல கூடாரங்கள் தாமாகவே கழிந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு ஜான் மியூர் பாதையை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், யோசமிட்டியிலிருந்து விட்னி சிகரம் வரை சுமார் 340 கி.மீ. ஜூலை தொடங்கி செப்டம்பர் நடுப்பகுதி வரை, எல்லாவற்றையும் முதுகில் சுமந்து தனியாக நடப்பவருக்கான கணக்கு இது. வேறு மலைக்குப் போகிறவர்கள் முதல் படியின் விடைகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முன்கூட்டிக் கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, கிராம் காட்டும் சமையலறைத் தராசு, நீங்கள் கொண்டுபோகப் போகும் காற்றுப் பாய், ஸ்லீப்பிங் பேக், நடைக்கோல்கள். பாயும் பேக்கும் இன்னும் வாங்கவில்லை என்றால் அவற்றை முதலில் வாங்குங்கள். கூடாரம் உங்களை மட்டும் மூடுவதில்லை, 8 செ.மீ. தடித்த பாயின் மேல், உப்பிய பேக்குக்குள் படுத்திருக்கும் உங்களை மூட வேண்டும். அந்த அளவு தெரியாமல் கூடாரத்தின் அளவைத் தீர்மானிக்க முடியாது.

1. இடத்தையும் மாதத்தையும் எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கு கேள்விகள்: தரை எப்படி, மரம் உண்டா, பூச்சி உண்டா, மழை எப்படி வரும்?

ஜான் மியூர் பாதையில் விடைகள் இப்படி. தரை பெரும்பாலும் கிரானைட் பாறை, அல்லது அது உதிர்ந்த பொலபொலப்பான மணல். இரண்டிலுமே முளை சரியாக நிற்காது. புல்வெளியில் கூடாரம் போடக் கூடாது, நீர்நிலையிலிருந்து 30 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. அதனால் நல்ல மண்ணைத் தேடிப் போகவும் வழி குறைவு. தெற்குப் பாதியில் பல முகாம்கள் மரங்கள் நிற்கும் உயரத்துக்கு மேலே இருக்கின்றன. ஃபாரஸ்டர் கணவாய் ஏறக்குறைய 4,000 மீட்டர். பனி உருகிய பின் ஜூலையில் கொசு கூட்டமாக வரும், ஆகஸ்ட் கடைசிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மழை நாள்கணக்கில் பெய்வதில்லை. பிற்பகலில் இடியோடு, சில சமயம் ஆலங்கட்டியோடு, ஓரிரு மணி நேரம் கொட்டும். செப்டம்பர் இரவுகளில் பாட்டிலில் தண்ணீர் உறையலாம்.

தொங்கு படுக்கை இங்கேயே கழிந்துவிட்டது. 3.5 முதல் 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு வலுவான மரம் தினமும் கிடைக்காது. ஜூலையில் போகிறவர் என்றால் வலையில்லாத வெறும் டார்ப்பும் (மேலே கட்டும் துணி மட்டும்) கழிந்தது.

2. படுத்து அளந்து பாருங்கள்

பட்டியலில் போடும் தரை நீளத்தை நம்ப வேண்டாம். சுவர் சாய்வாக வருவதால், தரையில் இருக்கும் நீளம் உங்கள் பாதம் இருக்கும் உயரத்தில் இருக்காது.

காற்றுப் பாயை ஊதி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் மல்லாந்து படுங்கள். ஒருவரை மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள்: பேக்கின் தலைமுனையிலிருந்து கால்முனை வரை நீளம், தரையிலிருந்து கால்முனையின் உயரம், தரையிலிருந்து முகத்தின் உயரம். 178 செ.மீ. உயரமுள்ளவருக்கு நீளம் 195 முதல் 200 வரும். பாதம் பாயோடு சேர்த்து 35 செ.மீ. உயரத்தில் இருக்கும்.

இனி கணக்கு. நடுவில் ஒரே கோல் நிற்கும் பிரமிட் வடிவம், மேல்துணி நீளம் 280 செ.மீ., உச்சி 125 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முனையிலிருந்து நடுக்கோல் வரை 140. தரையிலிருந்து 35 செ.மீ. உயரத்தில் சுவர் எவ்வளவு உள்ளே வந்திருக்கும்? 140 × 35 ÷ 125 = 39 செ.மீ. இரண்டு முனையும் சேர்ந்து 78 போனால் மிச்சம் 202. காகிதத்தில் 280 என்றிருந்த கூடாரம் 178 செ.மீ. ஆளுக்கு மயிரிழையில்தான் பொருந்துகிறது. துணி மழையில் கொஞ்சம் தொய்ந்தாலே கால்முனை நனையும். பேக்கினுள் இறகு இருந்தால் அது நனைந்து படிந்துபோகும், குளிர் காலிலிருந்து ஏறும்.

உச்சி நடுவில் இல்லாமல் இரு முனைகளுக்கு அருகே மூலைவிட்டமாக நிற்கும் இரண்டு கோல் வடிவங்களில் இந்தச் சாய்வு குறைவு. 180 செ.மீ.க்கு மேல் உயரமானவர்கள் அவற்றை முதலில் பாருங்கள்.

உட்கார்ந்தும் அளக்க வேண்டும். பாயின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து தரையிலிருந்து உச்சந்தலை வரை அளந்து, 5 செ.மீ. கூட்டுங்கள். உச்சி அதைவிட உயரமாக இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் உட்காரும் இடத்தில் அந்த உயரம் வர வேண்டும். மழைக்கு இரண்டு மணி நேரம் உள்ளே குனிந்தபடி உட்கார்ந்தால் கழுத்து பேசும்.

3. கையிலுள்ள கோலைப் பாருங்கள்

லேசான கூடாரங்களில் பெரும்பாலானவை தங்களுக்கென்று கம்பி வைத்திருப்பதில்லை. நீங்கள் ஊன்றி நடக்கும் கோலே தூணாகிறது. எடை குறைவதன் பாதி ரகசியம் அதுதான். கோல் பொருந்தாவிட்டால் கூடாரமே இல்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

கோலை முழுக்க நீட்டி அளந்து பாருங்கள். சிக்ஸ் மூன் டிசைன்ஸ் நிறுவனத்தின் லூனார் சோலோ கூடாரத்துக்கு ஏறக்குறைய 125 செ.மீ. ஒற்றைக் கோல் வேண்டும். ஸீபேக்ஸின் ப்ளெக்ஸ் சோலோவுக்கு 132 செ.மீ. குள்ளமானவர்களுக்கென விற்கும் கோல்கள் பல 120, 125-லேயே நின்றுவிடும். மடித்து வைக்கும் கோல்களில் சில நீளம் மாற்ற முடியாதவை. 120 என்றால் 120 மட்டும்தான். அப்படியிருந்தால் கோலுக்கேற்ற கூடாரம், அல்லது கூடாரத்துக்கேற்ற கோல் என்று ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

கோல் ஊன்றி நடக்கும் பழக்கமே இல்லாதவர் தனியாக ஒரு கார்பன் கம்பி வாங்கலாம். 60 முதல் 110 கிராம் வரை எடை கூடும்.

விமானத்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கோலும் முளையும் கைப்பையில் அனுமதியில்லை, சரக்கில்தான் போகும். அந்தப் பை ஒரு நாள் தாமதமானால் கூடாரம் இருந்தும் நிறுத்த முடியாது. நடை தொடங்க ஒரு நாள் முன்பே போய்ச் சேருவது நல்லது.

4. வடிவத்தை முடிவு செய்யுங்கள்

மிஞ்சியவை மூன்று.

தானே நிற்கும் கூடாரம், அதாவது சொந்தக் கம்பியுள்ளது. பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர் ஓர் ஆள் வகை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பாறைமேலும் நிற்கும், போட்ட பிறகு தூக்கி நகர்த்தலாம், முதல் நாளிலேயே சரியாக வந்துவிடும். ஆனால் ‘பாதி தானே நிற்கும்’ வகைகளில் கால்பக்கத்து மூலைகளுக்கு முளை வேண்டும். விளம்பரப் படத்தில் இது தெரியாது.

ஒரு கோல் கூடாரம். லூனார் சோலோ 740 கிராமை ஒட்டி. மலிவான வகையில் லான்ஷான் 1. போடுவது எளிது, காற்றைச் சரிவில் நழுவவிடும். ஆனால் மூலை முளைகளில் ஒன்று பிடுங்கினாலும் முழுதும் தளர்ந்துவிடும்.

இரண்டு கோல் கூடாரம். டர்ஸ்டன் எக்ஸ்-மிட் 1, சுமார் 800 கிராம், இரட்டைச் சுவரோடு. உள்ளே இடம் தாராளம், இரண்டு பக்கமும் கதவு. ஆனால் தரையில் பெரிய செவ்வகம் கேட்கும்; பாறைகளுக்கிடையில் குறுகிய இடமே கிடைக்கும் முகாம்களில் இது திண்டாட்டம்.

புதியவருக்கு இந்தப் பாதையில் எங்கள் பரிந்துரை இரண்டு கோல் வடிவம். உயரமானவருக்கும் குள்ளமானவருக்கும் பொருந்தும். நான்கு மூலை சரியாக வந்தால் மிச்சம் தானாக வரும். முளை அடிப்பதைக் கற்றுக்கொள்ள விருப்பமே இல்லாதவர் கூடுதலாக 300 கிராம் சுமந்து தானே நிற்பதை வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

உடம்பை மட்டும் மூடும் பிவி பையைச் சிலர் கேட்பார்கள். எடை மிகக் குறைவுதான். மழையில் பையைத் திறக்கவும், உடை மாற்றவும், உட்காரவும் முடியாது. உள்ளே ஈரமும் கோக்கும். முதல் நீண்ட நடைக்கு வேண்டாம்.

5. சுவர் ஒன்றா, இரண்டா?

தூங்குகிறவர் மூச்சிலும் தோலிலும் ஓர் இரவில் கால் லிட்டருக்கு மேல் நீராவி விடுகிறார். வெளியே குளிர்ந்திருக்கும் மேல்துணியின் உட்பக்கத்தில் அது துளியாகக் கோக்கிறது. இது ஒழுகல் அல்ல. ஆனால் ‘கூடாரம் ஒழுகுகிறது’ என்று வரும் புகார்களில் கணிசமானவை இதுதான்.

ஒற்றைச் சுவரில் அந்த ஈரத் துணிக்கும் உங்களுக்கும் இடையில் எதுவுமில்லை. திரும்பிப் படுத்தால் தோள் துடைத்துவிடும். இரட்டைச் சுவரில் நடுவே உள்வலை இருக்கும். ஈரம் வலைக்கு அப்பால் நின்றுவிடும். அதற்கான விலை 150, 200 கிராம் கூடுதல் எடை.

வறண்ட சியராவில் ஒற்றைச் சுவர் சமாளிக்கும், ஏரிக்கரையை விட்டுத் தள்ளிப் படுத்தால். அடிக்கடி மழையும் மூட்டமும் உள்ள மலைகளில் இரட்டைச் சுவரை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒற்றைச் சுவர்தான் என்று முடிவானால் உச்சியில் காற்றுத் துவாரமும், அடியில் ஒரு சாண் திறப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் வேண்டும். கீழே நுழைந்து மேலே வெளியேறினால்தான் காற்று ஓடும்.

6. துணி

மூன்று வகைதான் கண்ணில் படும்.

சில்நைலான்: சிலிக்கான் பூசிய நைலான். வலுவானது, மடித்தால் பையில் சின்னதாக அடங்கும். நனைந்தால் நீரை உறிஞ்சி நீளும். மாலையில் விறைப்பாக இருந்த சுவர் நடு இரவில் தொய்ந்து முகத்துக்கு வருவது அதனால்தான். மழை தொடங்கிய அரை மணிக்குப் பிறகு எழுந்து கயிற்றை மறுபடி இழுக்க வேண்டும்.

சில்பாலி: அதே பூச்சு, பாலியெஸ்டர் இழை. நைலானைவிடக் கிழிசலுக்குக் கொஞ்சம் பலவீனம், ஆனால் நனைந்தாலும் அவ்வளவாக நீளாது. ஒருமுறை இழுத்தால் காலை வரை நிற்கும். பெரும்பாலோருக்கு இதுவே போதும்.

டிசிஎஃப்: டைனீமா என்ற வலுவான இழைகளை இரண்டு மெல்லிய படலங்களுக்கிடையில் ஒட்டிச் செய்வது. நீரை உறிஞ்சாது, நீளாது, மிக லேசு. ப்ளெக்ஸ் சோலோ 400 கிராமை ஒட்டி வருவது இதனால். குறைகளையும் கேளுங்கள்: விலை 600 டாலரை ஒட்டி, கசக்கித் திணிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும், அதனால் பையில் இடம் அதிகம் பிடிக்கும், கூரான கல்லில் எளிதில் ஓட்டை விழும், சூட்டுக்கு அறவே ஆகாது, அடுப்புக்கு அருகில் உருகும். ஓட்டையை அதே துணியின் ஒட்டுநாடாவால் ஒரு நிமிடத்தில் அடைத்துவிடலாம் என்பது ஆறுதல்.

நீர் தாங்கும் அழுத்தத்தை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். மேல்துணிக்கு 1,200 முதல் 1,500 போதும். 5,000 என்று பெருமையடிப்பதற்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. தரைத்துணிக்குத்தான் அதிகம் வேண்டும். ஈரத் தரையில் முழங்கால் ஊன்றினால் அந்த ஒரு புள்ளியில் அழுத்தம் ஏறுகிறது.

7. இப்போது எடை

பட்டியல் எடையில் முளையும் கயிறும் அடிவிரிப்பும் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. இரண்டு கூடாரத்தையும் ஒரே முறையில் கூட்டினால்தான் ஒப்பிட முடியும்.

சில்பாலி இரட்டைச் சுவர்: கூடாரம் 800, எட்டு முளை 104, கூடுதல் கயிறு 30, பைகள் 20, அடிவிரிப்பு 45. மொத்தம் 999 கிராம்.

டிசிஎஃப் ஒற்றைச் சுவர்: கூடாரம் 400, எட்டு முளை 104, கயிறு 20, பை 10, அடிவிரிப்பு 45, ஒட்டுநாடா 10. மொத்தம் 589 கிராம்.

வித்தியாசம் 410 கிராம். விலை வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல். மலையில் ஒரு நாள் சாப்பாடே 700 முதல் 900 கிராம் வரும். இந்தப் பாதையின் பெரும்பகுதியில் கட்டாயமான கரடி டப்பா, அதாவது கரடியால் திறக்க முடியாத உணவு டப்பா, ஒரு கிலோவை ஒட்டி வரும். அவற்றோடு வைத்துப் பார்த்துவிட்டு 410 கிராமுக்கு அந்தப் பணம் தகுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். கனமான பழைய ஸ்லீப்பிங் பேக்கை மாற்றாமல் டிசிஎஃப் கூடாரம் வாங்குவது மட்டும் வேண்டாம். அதே பணத்துக்கு அங்கேதான் அதிக எடை இறங்கும்.

அடிவிரிப்புக்கு ஜன்னல் குளிர்காப்புக்கு விற்கும் மெல்லிய பாலிக்ரையோ படலத்தை வெட்டிக்கொள்ளலாம். தரைத்துணியைவிடச் சுற்றிலும் 5 செ.மீ. சிறிதாக வெட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து உங்களுக்கு அடியிலேயே தேக்கும்.

8. முளை, கயிறு

கூடாரத்தோடு தரும் முளைகளைத் தூக்கிப்போடவும் தயங்காதீர்கள். கோல் கூடாரம் முளையால்தான் நிற்கிறது, அங்கே கிராம் பிடிப்பது தவறான சிக்கனம். நான்கு மூலைக்கும் மூன்று பட்டை கொண்ட அலுமினிய முளை, ஒவ்வொன்றும் 13 கிராம் அளவில். பக்கக் கயிறுகளுக்கு 6 கிராம் டைட்டானியம் கொக்கி முளை போதும். அப்படிக் கலந்தால் மேலே சொன்ன 104 கிராம் 76 ஆகும். எல்லாமே கொக்கி முளை என்றால் உதிர் மணலில் ஒன்றும் நிற்காது.

முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், கயிற்றுக்கும் முளைக்கும் செங்கோணம் வரும்படி. புதியவர்களில் பலர் உள்பக்கம் சாய்த்து அடிக்கிறார்கள்; முதல் காற்றிலேயே கயிறு நழுவி மேலே வந்துவிடும்.

பாறைமேல் முளை இறங்காத இடத்தில் இரண்டு கல் முறை: கயிற்றை நீட்டி, நுனி வளையத்தை ஒரு சிறு கல்லில் சுற்றித் தரையில் வையுங்கள். அதற்கு முன்னால், கூடாரப் பக்கம், கயிற்றின் மேலேயே பெரிய கல் ஒன்றை வையுங்கள். இழுவை வரும்போது சிறு கல் பெரிய கல்லில் முட்டி நிற்கும். பெரிய கல்லில் நேரடியாகக் கட்டினால் கூரான விளிம்பில் கயிறு அறுபடும். இதற்காகவே மூலைகளில் கட்ட 2 மி.மீ. கயிறு ஒரு மீட்டர் வீதம் நான்கு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கற்களை எடுத்த இடத்தில் போட்டுவிடுங்கள்.

9. மலைக்கு முன் வீட்டில்

தையலை முதலில் பாருங்கள். உட்பக்கத் தையல் மேல் பளபளப்பான நாடா ஒட்டியிருந்தால் வேலையில்லை. வெறும் நூல் தெரிந்தால் அடைக்க வேண்டும். ஊசி துளைத்த இடமெல்லாம் மழை துளைக்கும். சிலிக்கான் பூச்சில் சிலிக்கான் மட்டுமே ஒட்டும், மற்ற அடைப்புப் பசைகள் உரிந்துவிடும். தூய சிலிக்கான் சீலன்ட் ஒரு பங்குக்கு மினரல் டர்ப்பன்டைன் மூன்று பங்கு வரை விட்டு, எண்ணெய்ப் பதமாகக் கலந்து, கூடாரத்தை விறைப்பாக நிறுத்தி, வெளிப்பக்கத் தையல் மேல் தூரிகையால் மெல்லிய கோடாகத் தடவுங்கள். காற்றோட்டமான வெளியில் செய்ய வேண்டிய வேலை. ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். மிச்சக் கலவையால் தரைத்துணியின் உட்பக்கத்தில் நாலைந்து கோடு இழுத்துவிட்டால் காற்றுப் பாய் இரவில் வழுக்கிக்கொண்டு போகாது.

பிறகு பூங்காவிலோ கொல்லையிலோ மூன்று முறை நிறுத்துங்கள். கடைசி முறை இருட்டில், தலைவிளக்கோடு. மொட்டை மாடிதான் இருக்கிறது என்றால் தண்ணீர் கேன்களில் மூலைகளைக் கட்டிப் பழகலாம். உள்ளே பாயை விரித்து, பேக்குக்குள் படுத்து, கால் முட்டுகிறதா பாருங்கள். முட்டினால் திருப்பிக் கொடுக்க இன்னும் நேரம் இருக்கும். அதனால் தையலை அடைக்கும் முன்பே இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். சிலிக்கான் தடவியதைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார்.

10. முதல் இரவு, வரிசையாக

இடம் பார்க்கும்போது பள்ளத்தின் அடிவாரத்தை விடுங்கள். இரவில் குளிர்காற்று அங்கேதான் இறங்கித் தேங்கும், ஈரமும் அங்கேதான் அதிகம். சரிவில் கொஞ்சம் ஏறிய சமதளம் நல்லது. தலைக்கு மேல் பட்டுப்போன கிளை இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். ஓரம் உயர்ந்து நடுவில் குழிந்த, மணல் இறுகிய இடம் எவ்வளவு சமமாகத் தெரிந்தாலும் வேண்டாம். பிற்பகல் மழையில் அது குளம்.

முதலில் வெறும் தரையில் படுத்துப் பார்த்து, தலை எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அடிவிரிப்பு. அதன்மேல் கூடாரத்தை விரித்து, எல்லா ஜிப்பையும் மூடிவிட்டு, காற்று வரும் பக்கத்து மூலைகளை முதலில் அடியுங்கள். இல்லாவிட்டால் துணி பறக்கும். ஜிப் திறந்திருக்க மூலை அடித்தால் பிறகு மூடும்போது பற்கள் விலகும்.

இரண்டு கோல் வடிவத்தில் நான்கு மூலையும் செவ்வகமாக வர வேண்டும். மூலைக்கு மூலை குறுக்கே காலடியால் அளந்து, இரண்டும் சமமா என்று பாருங்கள். கோணலாக இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் சுருக்கம் போகாது. கயிற்றை இழுத்துச் சரிசெய்ய முயல்வதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு. முளையைப் பிடுங்கி மறுபடி அடியுங்கள். மூலைகளை முதல் தடவை முழுக்க இறுக்கவும் வேண்டாம். கோலை உள்ளே நிறுத்தி மெதுவாக நீட்டும்போதுதான் விறைப்பு வர வேண்டும்.

படுக்கப் போகும் முன் ஒருமுறை சுற்றிவந்து எல்லாக் கயிற்றையும் தொட்டுப் பாருங்கள். மழையில்லாவிட்டால் கதவுத் துணியைச் சுருட்டிவிட்டே தூங்கலாம், வலை மட்டும் மூடியிருக்கட்டும். எவ்வளவு குளிர்ந்தாலும் அடுப்பை உள்ளே பற்றவைக்காதீர்கள். துணி தீப்பிடிக்கும் என்பது ஒன்று, மூடிய கூடாரத்தில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் என்பது இன்னொன்று.

காலையில் உட்பக்கம் ஈரமாக இருந்தால் சிறு துண்டால் துடைத்து, பையின் வெளிப்பக்கத்தில் வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும்போது பாறையில் கால் மணி நேரம் விரித்தால் காய்ந்துவிடும். வீடு திரும்பியதும் நிழலில் உலர்த்தி, இறுக்கமான பைக்குள் திணிக்காமல் பெரிய பருத்திப் பையில் தளர்வாக வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். பாலியூரித்தேன் பூச்சாக இருந்தால் அது பிசுபிசுத்து உரியத் தொடங்கும், அதற்குப் பிறகு அந்தத் துணியைக் காப்பாற்ற வழியில்லை.